மலைநாட்டு நீர்நிலைகளும் நமது வியாபாரமும்



மலைநாட்டில் கடை நடத்தும் நம்மவர் பலரிடம் அண்மைக்காலமாக ஒரே கவலையைக் கேட்கிறேன். "தோட்டத்துச் சம்பளத் தினத்தை நம்பியே கடையை எத்தனை நாளைக்கு நடத்துவது?" என்பதே அது. பூண்டுலோயா பஜாரில் என் தகப்பனார் காலத்தில் கடன் கொப்பி ஒன்று இருந்தால் போதும், கடை ஓடும். மாதக் கடைசியில் பற்று அடைபடும், புதிய பற்று தொடங்கும். இன்று லயத்துப் பிள்ளைகள் கொழும்புக்கும் மத்திய கிழக்குக்கும் போய்விட்டார்கள். நம் பிள்ளைகளும் அதே பஸ்ஸில்தான் ஏறுகிறார்கள். கொப்பியில் பெயர் குறைகிறது. கடையில் கூட்டமும் குறைகிறது.

அதே சமயம், விடுமுறை நாளில் பாதையோரம் நின்று பாருங்கள். தலவாக்கலைப் பக்கமிருந்தும் கொத்மலைப் பக்கமிருந்தும் வான்கள் வருகின்றன. அருவி பார்க்க, படகு ஓட, தூண்டில் போட, குளிர் காற்று வாங்க வருகிறார்கள். நம் கடைவாசலைத் தாண்டிப் போகிறார்கள். நிற்பதில்லை. ஏன் நிற்பதில்லை, நிறுத்துவதற்கு நாம் என்ன செய்யலாம், எங்கே நாம் காலை வைக்கக் கூடாது என்பவைதான் இவ்வாரப் பாடம்.

நம் நீர்நிலைகளை முதலில் நாம் அறிய வேண்டும்

தன் சரக்கை அறியாதவன் விற்க முடியாது. வெளியூர்க்காரர் வந்து "இங்கே தண்ணீர்ப் பக்கம் பார்க்க என்ன இருக்கிறது நானா?" என்று கேட்டால் நம்மில் எத்தனை பேருக்குச் சரியாகப் பதில் சொல்லத் தெரியும்?

நுவரெலியாவின் கிரகரி வாவி நாம் எல்லோரும் அறிந்தது. ஆளுநர் வில்லியம் கிரகரியின் காலத்தில், 1870களில், சதுப்பு நிலத்தில் நீரைத் தேக்கி அமைக்கப்பட்டது. படகுச் சவாரி, குதிரைச் சவாரி, ஏப்ரல் வசந்தகாலக் கொண்டாட்டம் எல்லாம் அதைச் சுற்றியே நடக்கின்றன.

ஹட்டன் பக்கம் போனால் காசல்ரீ, மவுஸ்ஸாக்கலை என்ற இரு பெரிய நீர்த்தேக்கங்கள். முன்னது கெஹெல்கமு ஓயாவையும் பின்னது மஸ்கெலி ஓயாவையும் மறித்து 1960களில் மின்சாரத்திற்காகக் கட்டப்பட்டவை. அவற்றுக்குக் கீழே நோர்ட்டன்பிரிட்ஜ், கென்யோன், லக்ஷபான என்று சிறு தேக்கங்கள் படிப்படியாக இறங்குகின்றன. அந்த நீர் எல்லாம் களனி கங்கைக்குப் போகிறது.

நம் பக்கத்து நீர் மகாவலிக்குப் போகிறது. 1985இல் இயங்கத் தொடங்கிய கொத்மலை நீர்த்தேக்கம் 87 மீற்றர் உயர அணையைக் கொண்டது. தலவாக்கலை நகரின் காலடியிலேயே மேல் கொத்மலை நீர்த்தேக்கம் இருக்கிறது. 150 மெகாவாட் கொள்ளளவுள்ள அத்திட்டம் 2012இல் இயங்க ஆரம்பித்தது. தலவாக்கலை வட்டாரத்தில் சென்கிளயார், டெவோன் நீர்வீழ்ச்சிகள். நமது பூண்டுலோயாவுக்கு டன்சினன் நீர்வீழ்ச்சி. தேயிலை மலைகளுக்கு நடுவே, பாதையிலிருந்தே பார்க்கக் கூடிய அழகு அது. நாம் தினமும் பார்ப்பதால் அதன் அருமை நமக்குத் தெரிவதில்லை.

இன்னொரு விஷயமும் உண்டு. நீர் நிறைந்திருக்கும்போது மட்டுமல்ல, வற்றும்போதும் சனம் வருகிறது. மவுஸ்ஸாக்கலையில் நீர் இறங்கினால் மூழ்கிப்போன பழைய மஸ்கெலியா நகரின் வழிபாட்டுத் தலங்களின் இடிபாடுகள் தலைகாட்டும். கொத்மலையில் நீர் வற்றினால் கடதொர விகாரை வெளியே தெரியும். அச்செய்தி பத்திரிகையில் வந்த வாரத்தில் அந்தப் பாதைகளில் வாகனம் நிறையும். மழைக்காலம், வெயில் காலம் இரண்டிலும் வாடிக்கையாளர் உண்டு. ஆனால் அவர்கள் தேடி வருவது ஒன்றல்ல. இதைக் கவனித்தவன் சரக்கை அதற்கேற்ப வைப்பான்.

மீன் வந்த வரலாறு

மலைநாட்டு ஓடைகளில் வெள்ளைக்கார துரைமாருக்குப் பிடித்த மீன் எதுவும் ஆதியில் இருக்கவில்லை. கோப்பியும் தேயிலையும் பயிரிட வந்தவர்கள் தம் ஊர்ப் பொழுதுபோக்கையும் கொண்டு வந்தார்கள். 1880களில் ட்ரவுட் மீனின் முட்டைகளைக் கப்பலில் குளிரூட்டி வரவழைத்து நுவரெலியா நீரோடைகளில் விட்டார்கள். முதலில் கொண்டுவந்த பழுப்பு ட்ரவுட் சரியாக நிலைக்கவில்லை. பிறகு கொண்டுவந்த வானவில் ட்ரவுட் ஹோர்ட்டன் சமவெளி போன்ற உயர்ந்த இடங்களில் நிலைத்தது. 1896இல் நுவரெலியாவில் இலங்கை மீன்பிடிக் கழகம் அமைக்கப்பட்டது. ஓடைகளில் மீன் விடுவதையும் தூண்டில் போட அனுமதி வழங்குவதையும் அக்கழகம் பார்த்துக்கொண்டது.

நமது ஊட்டிக்காரச் சகோதரர்களின் கதையும் இதுதான். நீலகிரியில் 19ஆம் நூற்றாண்டில் செய்த முதல் முயற்சிகள் தோற்றன. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அவலாஞ்சியில் பொரிப்பகம் அமைத்த பின்னரே ட்ரவுட் அங்கே வாழ்ந்தது. அதற்கான வித்து இலங்கையிலிருந்தும் போயிற்று என்பது நமக்குப் பெருமை. ஆனால் ஒரு வியாபாரி இதில் காண வேண்டியது வேறு. மீன் முதலில் தோற்றது. இடத்துக்கு ஏற்ற இனத்தைக் கண்டுபிடித்த பின்பே வென்றது. கொழும்பில் ஓடுகிற கடை பூண்டுலோயாவில் ஓடும் என்று எண்ணி முதல் போடுகிறவர்கள் இதைச் சற்று யோசிக்க வேண்டும்.

சாதாரண மக்களின் மீன் வேறு. 1952இல் திலாப்பியா இந்நாட்டுக்குக் கொண்டுவரப்பட்டது. நம் கிழக்கு மாகாணத்தார் ஜப்பான் மீன் என்பார்களே, அதுதான். தாழ்நிலக் குளங்களில் அது பெருகி ஏழைகளின் கறிச்சட்டியை நிரப்பியது. கெண்டை இனங்களும் பின்னர் நீர்த்தேக்கங்களில் விடப்பட்டன. 1990இல் அன்றைய அரசாங்கம் நன்னீர் மீன்பிடிக்கு வழங்கிய ஆதரவை நிறுத்தியது. மீன் குஞ்சு உற்பத்தி தடைப்பட்டது. 1994இல் ஆட்சி மாறிய பின்னரே மீண்டும் தொடங்கியது. 1998ஆம் ஆண்டின் சட்டத்தின் மூலம் தேசிய நீருயிரின வளர்ப்பு அபிவிருத்தி அதிகார சபை உருவாக்கப்பட்டது. குஞ்சு விடுவது, மீனவர் சங்கங்களைப் பதிவது போன்ற வேலைகளை இன்று அச்சபையே கவனிக்கிறது. அரசாங்கத்தின் ஒரு முடிவில் ஒரு தொழில் நான்கு வருடம் படுத்துவிடும் என்பதற்கு இது நல்ல உதாரணம். ஒரே வருமானத்தில் முழு முதலையும் போடாதீர்கள் என்று பெரியவர்கள் சொன்னது சும்மா அல்ல.

எந்த நீரில் எந்த மீன்?

வருகிறவர் கேட்டால் சொல்ல இவ்வளவும் தெரிந்திருக்க வேண்டும்.

ட்ரவுட் குளிர்ந்து ஓடும், காற்றுக் கலந்த, தெளிந்த நீரில் மட்டுமே வாழும். நீரின் வெப்பம் 20 பாகைக்கு மேலே போய் நின்றால் அதற்கு மூச்சு முட்டும். எனவே கொத்மலைத் தேக்கத்தில் ட்ரவுட் பிடிக்கலாம் என்று யாராவது விளம்பரம் செய்தால் நம்ப வேண்டாம்.

திலாப்பியாவுக்கு வெதுவெதுப்பான நீர் வேண்டும். மலை ஏற ஏற அதன் வளர்ச்சி மந்தமாகும். கெண்டைக்குக் குளிர் தாங்கும் சக்தி அதிகம். ஆகவே நம் மலைநாட்டுத் தேக்கங்களில் தூண்டிலில் வருவது பெரும்பாலும் இவ்விரண்டும்தான். கரையோரப் புல் மூழ்கியிருக்கும் இடத்திலும், சிறு ஓடை தேக்கத்தில் கலக்கும் வாயிலிலும் மீன் கூடும். அதிகாலையும் மாலை மங்கும் நேரமும் நல்லவை. மண்புழுவும் பாண் உருண்டையுமே போதுமான இரை. இதற்கு விலை உயர்ந்த கருவி ஒன்றும் தேவையில்லை. மூங்கில் கோல், தங்கூசி, முள், ஈயக்குண்டு, மிதப்பு என்று ஐந்தே சாமான்கள். நம் ஹார்ட்வெயார் கடைகள் எத்தனையில் இவ்வைந்தும் ஒரே இடத்தில் கிடைக்கும்?

ஹோர்ட்டன் சமவெளி விஷயத்தில் எச்சரிக்கை தேவை. அது 1988இல் தேசிய வனமாகப் பிரகடனம் செய்யப்பட்டது. 2010இல் மத்திய மலைநாடு உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்ந்தபோது அதுவும் அதில் அடங்கியது. துரைமார் தூண்டில் போட்ட காலம் போய்விட்டது. அங்கே உயிரினம் எதையும் பிடிக்க முடியாது. அந்த ஓடைகளில் உலகில் வேறெங்கும் இல்லாத ஒரு சிறு இறால் இனம் வாழ்கிறது. வெளியிலிருந்து வந்த ட்ரவுட் அதற்கு ஆபத்து என்று உயிரியல் அறிஞர்கள் சொல்கிறார்கள். ஒரு காலத்தில் பெருமையாக விடப்பட்ட மீன் இன்று விருந்தாளியா, ஊடுருவியா என்று கேள்வி எழுந்திருக்கிறது. நீரில் நாமாக எந்த மீனையும் கொண்டுபோய் விடக் கூடாது என்பதற்கும் இதுவே காரணம்.

சட்டமும் உயிரும்

வியாபாரத்தில் முதல் செலவு அறிவுக்கான செலவு. தண்ணீரோரத் தொழிலில் இறங்குமுன் மூன்று கேள்விக்குப் பதில் எடுங்கள்.

முதலாவது, நீர் யாருடையது? கொத்மலைத் தேக்கம் மகாவலி அதிகார சபையின் கீழ் வருவது. காசல்ரீ, மவுஸ்ஸாக்கலை, மேல் கொத்மலை ஆகியன மின்னுற்பத்திக்குரியவை. அணைக்கட்டும் அதன் சுற்றும் பாதுகாக்கப்பட்ட இடங்கள். அங்கே கண்டபடி இறங்கவோ படகு விடவோ முடியாது. கரை நிலம் தோட்டக் கம்பனியின் குத்தகையில் இருக்கலாம். "ஒருத்தரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள்" என்ற பேச்சை நம்பிக் கொட்டில் போட்ட ஒருவரை எனக்குத் தெரியும். இரண்டு வருடம் யாரும் ஒன்றும் சொல்லவில்லை. மூன்றாம் வருடம் ஒரே நாளில் பிடுங்கச் சொன்னார்கள். கையில் ஒரு துண்டுக் கடதாசி இல்லாததால் அவரால் வாய் திறக்க முடியவில்லை.

இரண்டாவது, மீன்பிடி முறை. 1996ஆம் ஆண்டின் கடற்றொழில், நீரியல் வளங்கள் சட்டம் வெடி வைப்பதையும் நஞ்சு கலப்பதையும் தடை செய்கிறது. தொழிலாக வலை போடுவதற்கு அனுமதிப்பத்திரம் வேண்டும். வெடி வைத்துப் பிடித்த மீனை மலிவு என்று வாங்கி விற்கும் கடைக்காரரும் அந்தப் பாவத்தில் பங்காளிதான். குஞ்சும் தாயும் சேர்ந்து செத்தால் அடுத்த வருடம் யாருக்கும் மீன் இல்லை.

மூன்றாவது, உயிர்ப் பாதுகாப்பு. மே முதல் செப்டெம்பர் வரை தென்மேல் பருவமழையில் மேல் கொத்மலை, காசல்ரீ, லக்ஷபான போன்றவற்றின் வான்கதவுகள் திறக்கப்படுவது வழமை. மேலே மழை பெய்தால் கீழே வெயில் அடித்துக்கொண்டிருக்கும்போதே ஆற்றில் நீர் ஏறும். வெளியூர்க்காரருக்கு இது தெரியாது. பாறையில் நின்று படம் எடுத்துக்கொண்டிருப்பார்கள். சைரன் ஊதினால் அது என்னவென்றும் தெரியாது. அருவிக் குளங்களில் ஆழமும் பாசியும் வேறு. ஒவ்வொரு வருடமும் நம் மலைநாட்டு நீர் எத்தனையோ தாய்மாரின் பிள்ளைகளைக் கொண்டுபோகிறது. கடைவாசலில் மூன்று மொழியிலும் ஒரு பலகை வைத்து, "இங்கே இறங்க வேண்டாம், சைரன் கேட்டால் உடனே மேட்டுக்கு ஏறவும்" என்று எழுதி வைப்பதற்குச் செலவு மிகக் கொஞ்சம். இது தர்மம். வியாபாரத்திலும் இதற்குப் பலன் உண்டு. எச்சரித்த கடைக்காரனை வாடிக்கையாளர் மறக்க மாட்டார்.

பணம் எங்கே நிற்கிறது?

இனி நம் விஷயத்துக்கு வருவோம். தூண்டில் போட வருகிறவர் பிடிக்கும் மீன் ஆயிரம் ரூபா கூடப் பெறாது. ஆனால் அதைப் பிடிக்க அவர் செலவழிப்பது அதைவிடப் பன்மடங்கு. பெற்றோல், வான், தங்குமிடம், சாப்பாடு, குளிருக்கு ஜெர்ஸி, மழைக்குக் குடை, ஊருக்குப் போகும்போது தேயிலைப் பக்கெட். மீனில் பணம் இல்லை, மீனைச் சுற்றித்தான் பணம் இருக்கிறது. கனடா, பின்லாந்து போன்ற வாவி நாடுகளில் சின்னச் சின்ன ஊர்கள் பிழைப்பதும் இப்படித்தான். அங்கே மீன் விற்கிறவனைவிட அறை விடுகிறவனும், படகு வாடகைக்குக் கொடுப்பவனும், சூடாகத் தேநீர் ஊற்றுகிறவனுமே நிலைத்திருக்கிறார்கள்.

நம் நாட்டிலேயே இரண்டு உதாரணங்கள் உண்டு. 2005 முதல் காசல்ரீ வாவியைச் சுற்றியுள்ள பழைய துரை பங்களாக்களைத் தங்குமிடங்களாக நடத்துகிறது ஒரு தேயிலைக் கம்பனி. 'சிலோன் டீ டிரெயில்ஸ்' என்பது அதன் பெயர். வாவி புதிது அல்ல, பங்களா புதிது அல்ல, தேயிலையும் புதிது அல்ல. இருந்தவற்றைச் சேர்த்துக் கட்டியதுதான் புதிது. உலகின் பணக்காரர்கள் இன்று அங்கே வந்து தங்குகிறார்கள்.

மற்றது கித்துல்கல. களனி கங்கையின் வேக நீரில் இறப்பர்ப் படகு விடும் தொழில் அந்தச் சின்ன ஊரை மாற்றியது. உள்ளூர் இளைஞர்கள் படகோட்டிகளானார்கள். பாதையோர வீடுகள் சாப்பாட்டுக் கடைகளாயின. ஆனால் அந்த வேக நீர், மேலேயுள்ள மின் நிலையங்கள் திறந்துவிடும் நீரையும் பொறுத்தது. பிராட்லண்ட்ஸ் நீர்மின் திட்டம் வந்தபோது அந்த ஊர்த் தொழிலாளர்கள் கலங்கியதற்குக் காரணம் அதுவே. தம் தொழிலின் திறப்பு இன்னொருவர் கையில் இருக்கிறது என்பது அவர்களுக்கு அன்று விளங்கியது. நம் தொழிலின் திறப்பு யார் கையில் என்று நாமும் ஒரு தடவை கேட்டுப் பார்ப்பது நல்லது.

நாம் கோடீஸ்வரர் அல்ல. பங்களா வாங்க முடியாது. ஆனால் நம்மால் செய்யக் கூடியது நிறைய இருக்கிறது.

சில்லறைக் கடைக்காரர்: காலையில் நேரத்தோடு கடை திறப்பதே முதல் வேலை. உலக முடிவைப் பார்க்கப் போகிறவர்கள் பனிமூட்டம் ஏறுமுன் போய்ச் சேர வேண்டும் என்பதால் விடியுமுன் புறப்படுகிறார்கள். தூண்டில்காரரும் அப்படியே. எட்டு மணிக்குக் கடை திறந்தால் அவர்கள் பணம் அடுத்த ஊருக்குப் போய்விடும். மேலும் ஹோர்ட்டன் சமவெளி வாசலில் பொலித்தீனைச் சோதித்து எடுத்துவிடுவார்கள். கடதாசியில் சுற்றிய காலை உணவு விற்கிறவனுக்கு அங்கே மதிப்பு.

சாப்பாட்டுக் கடைக்காரர்: வெளியூரிலிருந்து வரும் நம் குடும்பங்கள் முதலில் தேடுவது ஹலால் சாப்பாடு, அடுத்தது சுத்தமான கழிவறை, மூன்றாவது தொழ ஓரிடம். இம்மூன்றும் ஒரே இடத்தில் இருந்தால் காத்தான்குடியிலிருந்து வரும் பஸ்ஸும் அக்குறணையிலிருந்து வரும் வானும் அங்கேதான் நிற்கும். பெண்களுக்கு வேறாக வசதி இருக்க வேண்டும். நன்னீர் மீனைச் சுத்தம் செய்து மிளகு, மஞ்சள் போட்டுப் பொரித்துக் கொடுங்கள். கடல் மீன் ஐஸில் பல மணி நேரம் பயணம் செய்து நம் மலைக்கு வருகிறது. கொத்மலைத் தேக்கத்து மீனோ அன்றைக்கே வரும். பதிவுபெற்ற மீனவரிடம் வாங்கினால் அவருக்கும் பிழைப்பு.

வான், ஆட்டோ வைத்திருப்பவர்: விலையை எழுதி ஒட்டுங்கள். டன்சினன் அருவிக்கு இவ்வளவு, கொத்மலை அணைக்கட்டு பார்க்க இவ்வளவு. முதல் நாள் ஏமாந்தவர் இரண்டாம் நாள் நம்மை நம்ப மாட்டார். ஊருக்குப் போய்ப் பத்துப் பேருக்கும் சொல்வார்.

புடைவைக் கடைக்காரர்: கொழும்புக்காரர் மெல்லிய சட்டையோடு வந்து நடுங்குவார். ஜெர்ஸி, தொப்பி, மழைக்கோட்டு, ரப்பர்ச் செருப்பு ஆகியன வாசலில் தொங்க வேண்டும், உள்ளே அலுமாரியில் அல்ல.

தோட்டத்து இளைஞர்: இவர்களை மறந்தால் எல்லாம் வீண். எந்தப் பாறை வழுக்கும், எந்த மடுவில் சுழி உண்டு, எந்த மூலையில் கெண்டை கூடும் என்று அவர்களுக்குத்தான் தெரியும். ஒரு நாள் வழிகாட்டியாகப் போனால் கூலி கிடைக்கும் என்றால் அவர்களில் சிலராவது கொழும்பு ஹோட்டலில் கோப்பை கழுவப் போகாமல் ஊரில் நிற்பார்கள். அவர்கள் நின்றால் நம் கடைக் கொப்பியும் நிற்கும்.

மது விற்காமல் முடியுமா?

இக்கேள்வியை என்னிடம் நேரடியாகக் கேட்ட இளம் வர்த்தகர்கள் உண்டு. "வெள்ளைக்காரன் பியர் கேட்பான், இல்லையென்றால் போய்விடுவான் காக்கா" என்றார் ஒருவர். போகிறவர் போகட்டும். நம் மலைநாட்டுக்கு வருகிறவர்களில் வெளிநாட்டார் ஒரு பகுதியே. பள்ளிப் பிள்ளைகள், குடும்பங்கள், அலுவலகச் சுற்றுலாக்கள், அரபு நாட்டார் எல்லோரும் வருகிறார்கள். அருவியோரத்தில் போத்தலோடு கூச்சல் போடும் கூட்டத்தைக் கண்டு வானைத் திருப்பிக்கொண்டு போன குடும்பங்களை என் கண்ணால் பார்த்திருக்கிறேன். அந்தக் குடும்பங்களுக்கு ஓரிடம் வேண்டும். அந்த இடத்தை நாம் கொடுக்கலாம். நீரில் மூழ்கும் பல மரணங்களுக்குப் பின்னால் போதையும் இருக்கிறது என்பதையும் மறக்கக் கூடாது. விற்காமல் இருப்பது நட்டம் அல்ல. யாருக்கு விற்கிறோம் என்று தெரிவு செய்வதுதான்.

கணக்கைப் பார்த்துக் காலை வை

ஆசை வேறு, கணக்கு வேறு. ஒரு பேச்சுக்கு ஒரு கணக்குப் போடுவோம். எட்டுப் பேர் வந்த ஒரு வான் நம் கடையில் நிற்கிறது என்று வையுங்கள். பிளேன்டீ 8க்கு 640 ரூபா. கடி சாமான் 8க்கு 960 ரூபா. தண்ணீர்ப் போத்தல் 4க்கு 400 ரூபா. தேயிலைப் பக்கெட் 2க்கு 1,200 ரூபா. மொத்தம் 3,200 ரூபா. நூற்றுக்கு 20 இலாபம் என்றால் 640 ரூபா. வாரத்தில் மூன்று வான் நின்றால் 1,920 ரூபா. நான்கு வாரத்திற்கு 7,680 ரூபா.

இது நல்ல காசு. இருக்கிற கடைக்கு மேலதிகமாக வருவதால் நல்ல காசு. ஆனால் இதை நம்பி மாதம் 60,000 ரூபா தவணை கட்ட வேண்டிய கடனில் அறைகள் கட்டினால் என்னவாகும்? கட்டடம் வங்கிக்குப் போகும். அறை கட்ட நினைப்பவர் இன்னொரு கணக்கும் போட வேண்டும். ஏப்ரல், ஆகஸ்ட், டிசெம்பர் என்று வருடத்தில் 90 இரவு நிறையும் என்று வைத்தாலும் மிச்சம் 275 இரவு இருக்கிறது. அந்த 275 இரவும் மின்சாரப் பட்டியல், ஆள் சம்பளம், ஈரத்தில் உரியும் பெயின்ற் எல்லாவற்றுக்கும் பணம் வேண்டும்.

ஆகவே நான் சொல்லும் ஒழுங்கு இது. முதலாம் வருடம் இருக்கிற கடையில் ஒரு தட்டு, ஒரு மேசை, ஒரு கழிவறை. இரண்டாம் வருடம் வீட்டில் வெறுமையாகக் கிடக்கும் ஓர் அறை. அதையும் பிரதேச சபையிலும் சுற்றுலாத்துறை அதிகார சபையிலும் கேட்டு முறையாகப் பதிந்து செய்ய வேண்டும். மூன்றாம் வருடக் கொப்பியைப் பார்த்த பின்னரே கட்டடப் பேச்சு. முதல் போதாவிட்டால் வட்டிக்கு ஓடாமல் இருவர் மூவர் பங்காகச் சேருங்கள். பங்கும் பொறுப்பும் யாருக்கு எவ்வளவு என்று எழுதி, சாட்சி வைத்துக் கையெழுத்திடுங்கள். சகோதரர்களுக்கிடையே என்றாலும் எழுதுங்கள். சகோதரர்கள் என்பதால்தான் எழுத வேண்டும்.

அலை அடிக்கும் தொழில்

இத்தொழில் ஒரு நாளும் நேர்கோட்டில் போவதில்லை. 2018இல் 23 இலட்சத்துக்கும் அதிகமான வெளிநாட்டார் இலங்கைக்கு வந்தார்கள். 2019 ஏப்ரல் குண்டுவெடிப்புகளுக்குப் பின் வரவு சரிந்தது. அப்போது வெளிநாட்டார் மட்டுமல்ல, உள்ளூர் வாடிக்கையாளர் சிலரும் நம் கடைகளை ஒதுக்கியதை நாம் அனுபவித்தோம். 2020இல் கொரோனா. 2021இல் வந்தவர்கள் இரண்டு இலட்சத்தைக்கூடத் தொடவில்லை. 2022இல் எரிபொருள் இல்லாமல் வான்கள் வரிசையில் நின்றன. 2024இல் மீண்டும் 20 இலட்சத்தைத் தாண்டியது. 2025 நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளி வந்து நுவரெலியா, கண்டி, பதுளை மாவட்டங்களில் மலையைச் சரித்தது; உயிர்களைக் கொண்டுபோனது; பாதைகளை மூடியது.

இந்த ஏழு வருடத்தில் யார் தப்பினார்கள் என்று என் வட்டாரத்தில் எண்ணிப் பார்த்தேன். சுற்றுலாவை மட்டும் நம்பி லீசிங்கில் வான் எடுத்தவர்களில் பலர் வானைத் திருப்பிக் கொடுத்தார்கள். அரிசியும் பருப்பும் விற்றுக்கொண்டு அதோடு தேநீரும் ஊற்றியவர்கள் நின்றார்கள். தோட்டத்து வாடிக்கையாளர் அவர்களைக் காப்பாற்றினார். எனவே புதிய வாடிக்கையாளருக்காகப் பழையவரை உதறாதீர்கள். வான்காரருக்கு ஒரு விலை, லயத்து அக்காவுக்கு ஒரு விலை என்று வைக்காதீர்கள். வெளியூர்க்காரர் நின்று வாங்குகிறார் என்று உள்ளூர்க்காரரை வாசலில் காக்க வைக்காதீர்கள்.

நீரும் அப்படித்தான். அருவியோரம் பொலித்தீனும் போத்தலும் குவிந்தால் இரண்டு வருடத்தில் யாரும் வர மாட்டார்கள். நம் கடையில் வாங்கிய பக்கெட்தான் அங்கே கிடக்கிறது என்றால் அதைப் பொறுக்கும் கடமையும் நமக்குண்டு. மாதத்தில் ஒரு ஞாயிறு பஜார் வர்த்தகர்கள் ஒன்றாகச் சேர்ந்து துப்புரவு செய்தால் சிங்கள, தமிழ், முஸ்லிம் கடைக்காரர் மூவரும் ஒரே கடப்பத்தைத் தூக்குவோம். அந்த ஒரு காலைப் பொழுது நமக்கிடையே வளர்க்கும் நம்பிக்கை பெரியது.

பாடத்தின் சுருக்கம்

உங்கள் ஊருக்குப் பத்து மைலுக்குள் உள்ள நீர்நிலைகளின் பெயர், பாதை, நேரம், ஆபத்து ஆகியவற்றை ஒரு கடதாசியில் எழுதிக் கடையில் ஒட்டுங்கள். நிலமும் நீரும் யாருடையது என்று எழுத்தில் கேளுங்கள். சிறிதாகத் தொடங்குங்கள், சொந்த முதலில் தொடங்குங்கள். கழிவறையைச் சுத்தமாக வைத்திருங்கள். விலையை எழுதி வையுங்கள். உள்ளூர் இளைஞருக்கு வேலை கொடுங்கள். பழைய வாடிக்கையாளரைக் கைவிடாதீர்கள்.

வருகிற விடுமுறைக்கு முன் ஒரு வேலை செய்யுங்கள். ஒரு நாள் கடைவாசலில் கதிரை போட்டு உட்கார்ந்து எத்தனை வெளியூர் வாகனம் போகிறது, எத்தனை நிற்கிறது என்று கொப்பியில் கோடு போடுங்கள். நின்றவரிடம் என்ன தேடினீர்கள் என்று கேளுங்கள். இல்லை என்று சொல்லி அனுப்பிய பொருட்களை வேறாக எழுதுங்கள். அடுத்த முறை புறக்கோட்டைக்குச் சரக்கெடுக்கப் போகும்போது அந்தப் பட்டியலை மறக்காமல் சட்டைப் பையில் வைத்துக்கொள்ளுங்கள்.